பத்து வருஷம் படித்தும் ஏன் கதைக்க வருவதில்லை? இரண்டாம் மொழியும் இருமொழிக் கல்வியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக ஆங்கிலம் படிப்பித்து வருகிறேன். பாடசாலை வாசலிலும் கோயில் வீதியிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும்கூட மறித்து வைத்துக் கேட்கிற கேள்விகள் இவை. பெற்றார் கேட்டவையும் உண்டு, புதிதாக நியமனம் பெற்று வந்த ஆசிரியர்கள் கேட்டவையும் உண்டு. கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

மகள் தரம் 3 இலிருந்து ஆங்கிலம் படிக்கிறாள். சாதாரண தரத்தில் 'ஏ' எடுத்தாள். ஆனால் ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து கோட்டைக்கு வழி கேட்டால் வாயே திறக்கிறாளில்லை. ஏன்?

அவள் கெட்டிக்காரி. பிழை அவளில் இல்லை. வகுப்பறையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். ரீச்சர் ஒரு பேனையைத் தூக்கிப் பிடித்து "வட் இஸ் திஸ்?" என்று கேட்கிறார். அது பேனை என்று ரீச்சருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். "இற் இஸ் எ பென்" என்று ஒரு பிள்ளை சொல்கிறது. "வெரி குட், சிற் டவுன்." முடிந்தது. ஒருவருக்கும் தெரியாத எதையும் ஒருவரும் சொல்லவில்லை. 1975 இல் சின்கிளேயர், கூல்தாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்து வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்தபோது இதே மூன்று படியைத்தான் கண்டார்கள்: ஆசிரியர் கேட்பார், பிள்ளை பதில் சொல்லும், ஆசிரியர் சரி பிழை சொல்வார். இது எங்களிடம் மட்டும் இருக்கிற பழக்கம் என்று நினைக்க வேண்டாம்.

கோட்டைக்கு வழி கேட்கிறவருக்கோ உண்மையிலேயே வழி தெரியாது. அவர் கேட்கிற வேகமும் ரீச்சர் கேட்கிற வேகம் இல்லை. பதிலைக் கேட்டுவிட்டு "வெரி குட்" சொல்லாமல், விளங்காவிட்டால் திரும்பவும் கேட்பார். உங்கள் மகளுக்கு ஆங்கிலத்தில் விடை சொல்லிப் பழக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் ஆளுக்கு ஒன்றைத் தெரியப்படுத்திப் பழக்கம் இல்லை. கதைக்க ஓர் ஆள் வேண்டும், கதைக்க ஒரு தேவை வேண்டும். கீழே எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் நான் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்பேன்.

'தொடர்பாடல் திறன்' என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்கிறார்கள். அது 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' தானே?

இல்லை. அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1965 இல் நோம் சோம்ஸ்கி என்ற அமெரிக்க மொழியியலாளர், மொழியறிவு என்பதை இலக்கண விதிகள் பற்றிய அறிவாகப் பார்த்தார். டெல் ஹைம்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அது போதாது என்றார். ஒரு பிள்ளை மொழி பழகும்போது வசனம் அமைக்க மட்டுமா பழகுகிறது? எப்போது கதைப்பது, எப்போது பேசாமல் இருப்பது, யாரோடு எதை எப்படிக் கதைப்பது என்பதையும் சேர்த்தல்லவா பழகுகிறது? அந்த முழுமைக்குத்தான் அவர் தொடர்பாடல் திறன் என்று பெயர் வைத்தார். அது பற்றிய அவருடைய கட்டுரை 1972 இல் வெளிவந்தது.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. எங்கள் பேச்சில் 'நீ' இருக்கிறது, 'நீர்' இருக்கிறது, 'நீங்கள்' இருக்கிறது. வேற்று ஊர்க்காரர் ஒருவர் தமிழ் படித்துவிட்டு வந்து அதிபரைப் பார்த்து "நீ எப்போது வருவாய்?" என்று கேட்டால் இலக்கணத்தில் ஒரு பிழையும் பிடிக்க முடியாது. ஆனால் அறையில் இருக்கிற எல்லோரும் திடுக்கிடுவார்கள். 'நீர்' இன்னும் கஷ்டம். ஒத்த வயதுக்காரரைச் சொல்லலாம், ஆசிரியர் மாணவரைச் சொல்லலாம், பழைய தலைமுறையில் கணவன் மனைவியைச் சொல்வார். சின்னவர் பெரியவரைச் சொல்லக்கூடாது. இந்த விதியை எங்களுக்கு யாரும் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கவில்லை. ஆனாலும் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது.

1980 இல் கனடாவில் மைக்கல் கனேல், மெரில் ஸ்வெயின் என்ற இருவர் இந்தக் கருத்தை இரண்டாம் மொழி கற்பித்தலுக்குக் கொண்டுவந்தார்கள். இலக்கண அறிவு ஒன்று. ஆள், இடம் அறிந்து கதைப்பது இன்னொன்று. சொல் வராத இடத்தில் சுற்றி வளைத்தாவது சமாளிப்பது மூன்றாவது. வசனங்களைக் கோத்து ஒரு கதையாக, கடிதமாக, விளக்கமாகக் கொண்டுபோவதை 1983 இல் கனேல் நான்காவதாகச் சேர்த்தார். ஆகவே எழுதுவதும் வாசிப்பதும்கூடத் தொடர்பாடல் திறனுக்குள் அடக்கம்தான். வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதும்போது தொனி தவறினால் அதுவும் இந்தத் திறனில் உள்ள குறைதான்.

அப்படியென்றால் இலக்கணம் படிப்பிக்கத் தேவையில்லையா?

தேவை. நான்கில் ஒன்று அதுதானே. இலக்கணம் வேண்டாம் என்று ஹைம்ஸும் சொல்லவில்லை, கனேலும் சொல்லவில்லை. எந்த நேரத்தில் கொடுப்பது என்பதுதான் விஷயம். அதைக் கீழே வகுப்பறை பற்றிய கேள்வியில் காட்டுகிறேன்.

பிள்ளை ஆங்கிலத்தில் சரியாகத்தான் கதைக்கிறது, ஆனால் மரியாதை இல்லாத மாதிரி இருக்கிறது என்று ஒரு வெளிநாட்டு உறவினர் சொன்னார். எங்கள் பிள்ளை மரியாதையான பிள்ளை. என்ன நடந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தமிழில் மரியாதை வினைமுற்றின் வாலில் இருக்கிறது. "அந்தப் புத்தகத்தைத் தாங்கோ." அந்த 'ங்கோ' ஒன்றே போதும். அதற்கு மேல் 'தயவுசெய்து' போட்டால் வீட்டுக்குள் செயற்கையாகக் கேட்கும். பிள்ளை இதை மனதுக்குள் மொழிபெயர்க்கிறது: "கிவ் மீ தற் புக்." புத்தகமும் போய்ச் சேர்ந்தது, 'தா'வும் போய்ச் சேர்ந்தது. 'ங்கோ' மட்டும் வழியில் விழுந்துவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடான வால் இல்லை. அங்கே மரியாதையை வேறு இடத்தில் வைக்கிறார்கள். கட்டளையைக் கேள்வியாக மாற்றி "குட் யூ பாஸ் மீ தற் புக், ப்ளீஸ்?" என்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. எங்கள் வீட்டில் ஒருவரும் "போறன்" என்று சொல்லிவிட்டு வெளிக்கிடுவதில்லை. "போட்டு வாறன்" என்போம். பிள்ளை அதையே "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டுப் போகும். கேட்ட வெளிநாட்டுக்காரர் பிள்ளை திரும்பி வரும் என்று காத்திருப்பார். நன்றி சொல்வதும் அப்படித்தான். தேத்தண்ணி தந்த அம்மாவுக்கு நாங்கள் நன்றி சொல்வதில்லை. சொன்னால் அவர் கோபித்துக்கொண்டாலும் கொள்வார். ஆங்கிலத்தில் கடைக்காரர் மிச்சக் காசு தந்தாலும் 'தாங்க் யூ' எதிர்பார்ப்பார்கள்.

இவற்றைப் பிள்ளையிடம் வெளிப்படையாகவே பேசலாம். "நாங்கள் இப்படிச் சொல்வோம், அவர்கள் இப்படிச் சொல்வார்கள், ஏன் தெரியுமா?" என்று ஒரு பாடவேளை கதைத்துப் பாருங்கள். பிள்ளைகளே உதாரணங்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்த நேரத்தில் தமிழைப் பற்றியும் அவர்கள் முதல்தடவையாக யோசிப்பார்கள். எனக்கு அது இரட்டை லாபம்.

சொல் தெரியாவிட்டால் பிள்ளை நடுவில் நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

சொல் இல்லாமல் சமாளிக்கப் பழக்க வேண்டும். நான் செய்கிற ஒரு விளையாட்டு: 'துலா' என்ற சொல்லைச் சொல்லாமல், கிணற்றில் தண்ணி அள்ளுகிற துலாவை ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். அதற்குக் கைவசம் ஆங்கிலச் சொல் ஒருவரிடமும் இருக்காது, ஆசிரியர் உட்பட. "லோங் வூட். ஒன் சைட் பக்கற். யூ புல் டவுன், வோட்டர் கம்ஸ் அப்" என்று தொடங்கும். கை வேலை செய்யும், வாயும் வேலை செய்யும். சொல் தெரியாதது வெட்கம் இல்லை, அது கதையின் ஒரு பகுதி என்று பிள்ளைக்குப் படும். "வட் டூ யூ கோல் இற்?", "இற் இஸ் லைக் எ...", "சொரி, கான் யூ சே தற் அகெய்ன்?" என்ற மூன்றையும் தரம் 6 இலேயே கையில் கொடுத்துவிடுங்கள். ஐம்பது புதுச் சொற்களைவிட இந்த மூன்றும் கூடத் தூரம் கொண்டுபோகும்.

என் வகுப்பில் 38 பிள்ளைகள். சோடி வேலை, குழு வேலை எல்லாம் புத்தகத்தில் நல்லாத்தான் இருக்கும். எப்படிச் செய்வது?

சோடி வேலை தோற்பதற்குப் பெரும்பாலும் எண்ணிக்கை காரணமில்லை. இரண்டு பிள்ளைகளிடமும் ஒரே புத்தகம், ஒரே பக்கம். ஒருவருக்கொருவர் சொல்ல என்ன இருக்கிறது? ஆளுக்குத் தெரிந்தது வேறுவேறாக இருக்க வேண்டும்.

நான் தரம் 8 இல் செய்ததைச் சொல்கிறேன். பாதிப் பேருக்கு ஒரு தாள்: யாழ்ப்பாணத்திலிருந்து குறிகாட்டுவான் போகிற பஸ் நேரங்கள். மற்றப் பாதிக்கு இன்னொரு தாள்: குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு போகிற, திரும்புகிற நேரங்கள். நேரங்கள் நானே இட்டுக்கட்டியவை. நெடுந்தீவில் இருக்கிற அம்மம்மாவைப் பார்த்துவிட்டு, அவரோடு இரண்டு மணித்தியாலமாவது இருந்துவிட்டு, அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும். தாளைக் காட்டக்கூடாது. கதைத்துத்தான் அறியலாம்.

முதல் ஐந்து நிமிஷம் சிரிப்பும் தமிழும். அப்புறம் மெல்ல ஏறியது. ஒரு தவணை முழுக்க வாய் திறக்காத ஒரு பெடியன் கையை ஆட்டி ஆட்டி எதிரில் இருந்தவளிடம் சொன்னான்: "நோ, நோ! போட் கோ! யூ லேற்!" அவள் உடனே தன் தாளைப் பார்த்து முந்திய பஸ்ஸுக்கு மாறினாள். அவன் சொன்னதில் வினையும் பிழை, காலமும் பிழை. ஆனால் அவன் சொன்னதால் ஒன்று மாறியது. பாடம் முடிகிற நேரத்தில் நான் பலகையில் 'தெ போட் ஹாஸ் கோன்' என்று எழுதினேன். அந்த வாய்ப்பாட்டை முந்தி மூன்று தடவை படிப்பித்திருக்கிறேன், ஒருவர் முகத்திலும் அசைவு இருந்ததில்லை. அன்றைக்கு அவனே கொப்பியைத் தேடி எடுத்து எழுதினான். தேவை முந்தி வந்தது, இலக்கணம் பின்னால் வந்தது. நேரம் என்று நான் மேலே சொன்னது இதைத்தான்.

இதை வெளிநாட்டுச் சின்ன வகுப்புகளுக்கான முறை என்று தள்ள வேண்டாம். என்.எஸ். பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பக்கத்துச் சாதாரணப் பாடசாலைகளில் இப்படிப்பட்ட பணிகளை வைத்தே பாடம் நடத்திக் காட்டினார். கால அட்டவணை, வரைபடம், சின்னக் கணக்கு இவைதான் அவருடைய சாதனங்கள். பிள்ளைகளின் மனம் பொருளில் ஊன்றி நிற்கும்போது மொழி தானாக உள்ளே போகிறது என்பது அவர் கருத்து. பணிவழிக் கற்பித்தல் என்று உலகம் இன்று பேசுவதற்கு எங்கள் பக்கத்துக் கரையிலும் ஒரு வேர் இருக்கிறது.

சத்தத்தைப் பற்றி: பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் அதிபரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாடவேளை 40 நிமிஷம் என்றால் 10 நிமிஷம் போதும், ஆனால் கிழமைக்கு ஒருமுறை என்று வைக்காமல் ஒவ்வொரு பாடத்திலும் வையுங்கள்.

பிள்ளை பிழையாகக் கதைத்தால் உடனே திருத்துவதா, விடுவதா?

கதைத்துக்கொண்டிருக்கும்போது மறிக்காதீர்கள். பொருள் விளங்காவிட்டால் மட்டும் கேளுங்கள். மற்றவற்றைக் குறித்து வைத்து, கடைசியில் இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள், யார் சொன்னது என்று காட்டாமல்.

எங்களில் பலர் மெல்லிசாகத் திருத்துவோம். பிள்ளை "ஐ கோ யெஸ்ரடே" என்னும். நாங்கள் "ஓ, யூ வென்ற் யெஸ்ரடே!" என்போம். தன் கதையை ஆமோதிக்கிறார் என்று நினைத்துப் பிள்ளை அடுத்ததற்குப் போய்விடும். 1997 இல் லிஸ்டரும் ரன்ராவும் கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது ஆசிரியர்கள் அதிகம் கையாண்ட முறை இதுவே, பிள்ளைகள் குறைவாகக் கவனித்ததும் இதையே. அதைவிட "யெஸ்ரடே... ஐ...?" என்று நிறுத்தி, புருவத்தை உயர்த்தி, காத்திருந்து பாருங்கள். பிள்ளைக்குத் தெரிந்த விதி என்றால் தானே திருத்திவிடும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது?

நீங்கள் நினைப்பதைவிடக் கூட. மேரி பட் றோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரி ஒரு செக்கன் அளவுகூடப் பொறுக்காமல் அடுத்த பிள்ளைக்குப் போனார்கள். அதை மூன்று செக்கனாக்கியதும் பதில்கள் நீண்டன, வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அவர்கள் தாய்மொழியிலேயே அப்படி என்றால், வேற்றுமொழியில் யோசிக்கிற எங்கள் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்? மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த அமைதி ஆசிரியருக்குத்தான் கஷ்டம்.

இங்கே வெட்கமும் ஒரு பெரிய சுவர். பிழையாக ஆங்கிலம் கதைத்தால் நக்கல் அடிக்கிற பழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. சொந்தக்காரரே செய்வார்கள். ஒரு தடவை அடிபட்ட பிள்ளை பிறகு வருஷக்கணக்கில் வாய் திறக்காது. நான் படித்த காலத்தில் என் உச்சரிப்பை ஓர் ஆசிரியர் வகுப்புக்கு முன்னால் நடித்துக் காட்டினார். அந்தச் சொல்லை இன்றைக்கும் நான் கொஞ்சம் தயங்கித்தான் சொல்கிறேன். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆங்கில வகுப்பில் தமிழ் கதைக்கலாமா? 'இங்கிலீஷ் ஒன்லி' என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களே?

கதைக்கலாம். இதைப் பற்றி ஆழமாக எழுதியவர் எங்கள் மண்ணைச் சேர்ந்தவர். சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர், பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரானார். யாழ்ப்பாண ஆங்கில வகுப்பறைகளை அவர் கவனித்தபோது, ஆங்கிலம் மட்டும் என்ற விதிக்கு அடியில் தமிழ் ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளையை ஆறுதல்படுத்தவும், வகுப்பை நடத்தவும், ஒரு கருத்தை ஊரோடு பொருத்திக் காட்டவும் ஆசிரியர்கள் தமிழுக்குப் போனார்கள். அதைக் குறையாகப் பார்க்காமல் கற்றலுக்கு உதவுகிற ஒன்றாக அவர் பார்த்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒரு எல்லை மட்டும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்லி, அதே மூச்சில் தமிழிலும் சொன்னால், இரண்டு கிழமையில் பிள்ளை ஆங்கில வசனத்துக்குக் காது கொடுப்பதை நிறுத்திவிடும். தமிழ் எப்படியும் வரும் என்று தெரியும்தானே. வேலையை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஒரு பிள்ளையிடம் "என்ன செய்யச் சொன்னேன், தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். தமிழ் பிள்ளையின் வாயிலிருந்து வரட்டும்.

தரம் 6 இல் இருமொழிப் பிரிவு இருக்கிறது. சேர்க்கலாமா?

இதற்குத்தான் நான் நீண்ட பதில் சொல்வேன், மன்னிக்க வேண்டும்.

முதலில் இது புதிதல்ல. வட்டுக்கோட்டைச் செமினரியை அமெரிக்க மிஷன் 1823 இல் தொடங்கியது. அங்கே ஆங்கிலமும் தமிழும் இரண்டும் படிப்பித்தார்கள். 1841 இல் வந்த உதயதாரகை தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சான பத்திரிகை. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கடினமான அறிவு தமிழில் தங்காது என்று சொல்கிறவர்களுக்கு நான் மானிப்பாயைத்தான் காட்டுவேன். பின்னர் ஆங்கிலவழிக் கல்வி வசதி உள்ளவர்களின் சொத்தாகி, இலவசக் கல்விக்குப் பிறகு தாய்மொழிவழி வந்து, 2000களின் தொடக்கத்தில் அரசு பாடசாலைகளில் சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்க மறுபடி வழி திறந்தது. இருமொழிப் பிரிவில் கணிதம், விஞ்ஞானம் போன்றவை ஆங்கிலத்தில், தமிழும் சமயமும் வரலாறும் தமிழில். இந்த அமைப்பு எனக்குப் பிடிக்கும். தமிழ் வெளியே தள்ளப்படவில்லை.

இப்போது கவனிக்க வேண்டியது. ஜிம் கமின்ஸ் என்ற கனேடிய அறிஞர் 1979 இல் இரண்டு வகை மொழித்திறனைப் பிரித்துக் காட்டினார். முற்றத்தில் விளையாடுகிற மொழி ஒன்று, பாடப்புத்தக மொழி இன்னொன்று. கனடாவுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளுக்கு முதலாவது இரண்டு வருஷமளவில் வந்துவிட்டது. இரண்டாவதில் தம் வயதுப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருஷம் எடுத்தது. கடையிலும் தொலைக்காட்சியிலும் தெருவிலும் ஆங்கிலமே இருக்கிற நாட்டிலேயே அவ்வளவு காலம். எங்கள் பிள்ளைக்கு ஆங்கிலம் நாளுக்குச் சில பாடவேளைதான். ஆகவே முதல் தவணையில் புள்ளி குறைந்தால் பதறவும் வேண்டாம், தரம் 7 இல் பிள்ளை சரளமாக 'ஹாய், ஹவ் ஆர் யூ' சொன்னால் எல்லாம் சரி என்று நம்பவும் வேண்டாம்.

நான் பெற்றாருக்குச் சொல்கிற சோதனை ஒன்று உண்டு. பிள்ளை ஒளித்தொகுப்பை ஆங்கிலத்தில் ஒப்புவிக்கிறதா? நல்லது. இப்போது தம்பிக்கு அதைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். முற்றத்து மாமரத்தின் கீழ்க் கிளை இலை ஏன் மேல் கிளை இலை மாதிரி இல்லை என்று கேளுங்கள். விளக்கினால் கருத்து உள்ளே இருக்கிறது, அது எந்த மொழிக்கும் போகும். திணறினால் சொற்கள் மட்டும்தான் மனதில் இருக்கின்றன. ஒரு மொழியில் ஆழப் பிடித்த கருத்து மற்ற மொழிக்கும் கைகொடுக்கும் என்பது கமின்ஸின் இன்னொரு கருத்து. அதனால் தமிழ் வாசிப்பு பலமாக உள்ள பிள்ளைக்கே இருமொழிப் பிரிவு நன்றாக ஒத்துவரும். தரம் 5 முடிகிற நேரம் ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தைத் தானாக இருந்து வாசிக்கிற பிள்ளையா? அப்படியென்றால் தைரியமாகச் சேருங்கள். இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

பாடசாலையையும் ஒருமுறை விசாரியுங்கள். விஞ்ஞானப் பாடத்தைப் படிப்பிக்கிறவர் ஆங்கிலத்தில் கதைக்கிறாரா, குறிப்பு மட்டும் எழுதிப் போடுகிறாரா? கனடாவில் மொன்றியலுக்குப் பக்கத்தில் 1965 இல் தொடங்கிய பிரெஞ்சு வழித் திட்டத்தில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் முழு நாளும் பிரெஞ்சு கேட்டார்கள். அந்த வகையில் படித்த பிள்ளைகள் நன்றாக விளங்கிக்கொண்டார்கள், ஆனால் பேச்சிலும் எழுத்திலும் வருஷக்கணக்கில் குறைகள் நின்றன. ஸ்வெயின் 1985 இல் சொன்ன காரணம்: கேட்டார்கள், ஆனால் தாங்கள் நீளமாகப் பேச வாய்ப்பு இருக்கவில்லை. குறிப்பு எழுதுகிற இருமொழி வகுப்பில் எங்கள் பிள்ளைகள் கேட்கக்கூட இல்லை.

வீட்டில் ஆங்கிலத்தில் கதைத்தால் உதவுமா?

உங்களுக்கு இயல்பாக வரும் என்றால் கதையுங்கள். வராவிட்டால் தமிழில் நிறையக் கதையுங்கள், கதை சொல்லுங்கள், ஏன் எதற்கு என்று கேட்க விடுங்கள். தாயும் தகப்பனும் தடுமாறிக் கதைக்கிற ஆங்கிலத்தில் "சாப்பிடு, கழுவு, படி" என்பதற்கு மேல் ஒன்றும் போகாது. பிள்ளைக்கு அது இரண்டு மொழியிலும் நட்டம். இரண்டையும் கலந்து கதைத்தால் மூளை குழம்பும் என்று பயப்படவும் வேண்டாம். இருமொழிக்காரர் எங்கேயும் கலந்துதான் கதைக்கிறார்கள்.

சிங்களமும் பாடமாக இருக்கிறது. பிள்ளைக்கு ஒன்றும் ஏறுவதில்லை. அது எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள்.

இரண்டாவதுக்கு முதலில் பதில். 1956 இல் சிங்களம் மட்டும் என்று வந்த சட்டம் எங்கள் வீடுகளில் எவ்வளவு பேரின் வேலையையும் மனதையும் உடைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் காயம் உள்ளவரிடம் போய் வாதாட எனக்கு மனமில்லை. 1987 இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களம் படிப்பதால் அலுவலகத்தில் தமிழில் பதில் கேட்கிற உரிமை குறையாது. இரண்டையும் கையில் வைத்திருப்பதே பலம் என்பது என் எண்ணம். அரச வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டாம் அரசகரும மொழித் தேர்ச்சி தேவை என்பது 2007 சுற்றறிக்கையிலிருந்து இருக்கிறது.

ஏறாததற்குக் காரணம் எழுத்துச் சிங்களத்தில் தொடங்குவது. எங்கள் தமிழைப் போலவே சிங்களத்துக்கும் எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு. பேச்சில் வினை ஆளுக்கு ஆள் மாறாது: மம யனவா, ஓயா யனவா, எயா யனவா. போகிறேன், போகிறாய், போகிறார் என்று மாற்றிப் பழகிய எங்களுக்கு இது எவ்வளவு சுகம்! அந்தச் சுகத்தை முதலில் காட்டாமல் எழுத்து வழக்கின் விகுதிகளைப் பாடமாக்க வைத்தால் பிள்ளை ஓடாமல் என்ன செய்யும்? நயினாதீவு நாகவிகாரைக்குத் தென்பகுதியிலிருந்து வருகிறவர்களிடம் பனங்கட்டி விற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொப்பி இல்லை, வகுப்பு இல்லை, ஆளும் தேவையும் மட்டும் இருந்தன. பேரம் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டது.

பரீட்சைத் தாளில் பேச்சே இல்லையே. பிறகு ஏன் நேரத்தை வீணாக்குவது?

நியாயமான கவலை. சாதாரண தரமும் உயர்தரப் பொது ஆங்கிலமும் இவ்வளவு காலமும் எழுத்துத் தாளாகவே இருந்து வந்திருக்கின்றன. தாளில் இல்லாததைப் படிப்பிக்கிற ஆசிரியரைப் பெற்றாரே கேள்வி கேட்பார்கள். ஆனால் நெடுந்தீவுப் பயணத்தைக் கதைத்து முடித்த பிள்ளையிடம் அதையே பத்து வரியில் எழுதச் சொன்னால், வெறும் தலைப்பைக் கொடுத்து எழுதச் சொன்னதைவிட நன்றாக எழுதுகிறது. எழுத அதனிடம் ஏதோ இருக்கிறது.

எந்த 'ஸ்போக்கன்' வகுப்புக்கு அனுப்பலாம்?

ஒரு நாள் வாசலில் நின்று கேளுங்கள். ஒரு மணித்தியாலத்தில் யார் எவ்வளவு நேரம் கதைக்கிறார்கள்? படிப்பிக்கிற சேரின் குரலே முழுக்கக் கேட்டால், அங்கே 'ஸ்போக்கன்' பழகுகிறவர் சேர்தான்.

உச்சரிப்பு?

விளங்கினால் காணும். ஆங்கில 't'க்கு 'ர'வும் 'ற'வும் போட்டு 'ரீச்சர்', 'ரிக்கெற்' என்று நாங்கள் எழுதுகிறோமே, அதை நாங்கள் சொல்கிற ஒலி ஆங்கிலேயரின் ஒலிக்குக் கிட்டத்தான் இருக்கிறது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்குகிறது. பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. என்ன செய்யட்டும்?

இந்தக் கேள்வியை ஒரு அம்மம்மா கண் கலங்கிக் கேட்டார். மேலே எழுதிய எல்லாம் இங்கே தலைகீழாகப் பொருந்தும். இப்போது தமிழ்தான் இரண்டாம் மொழி. பிள்ளை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் "நான் நேற்றுக் கடைக்குச் சென்றேன்" என்று எழுதப் பழகுகிறது. தொலைபேசியில் அம்மம்மா "நேற்றுக் கடைக்குப் போனனான்" என்கிறார். இரண்டும் ஒரே மொழி என்று பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டால் "ஓம்" என்பதோடு முடிந்துவிடும். பேனையைத் தூக்கிக் காட்டி "வட் இஸ் திஸ்?" கேட்பதும் அதுவும் ஒன்றுதான்.

அவரிடம் நான் சொன்னது, பேரனோடு சேர்ந்து தொலைபேசியில் புட்டு அவியுங்கள் என்று. பேரன் அங்கே, அவர் இங்கே, படம் காட்டாமல் குரல் மட்டும். மாவைக் குழைத்தாயிற்று. அவிக்க நீத்துப்பெட்டி வேண்டும், அது அங்கே இல்லை. "அதுக்குப் பதிலாய் என்ன இருக்கு, பார்த்துச் சொல்லு" என்றாராம். அலுமாரிகளைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டதாம். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மம்மா, ஒரு கிண்ணம் இருக்கு... கீழே சின்னச் சின்ன ஓட்டை... தண்ணி கீழே போகும், சோறு போகாது. அது சரியா?"

"ஓம் குஞ்சு, அது காணும். துணியொன்றை நனைச்சுப் பிழிஞ்சு உள்ளே விரி."

"விரி எண்டால் என்ன?"